நாற்காலி காலி: உங்கள் பெயரை மறையுங்கள், அவர்கள் விதியைக் கேளுங்கள்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் ஓய்வு பெறப்போகிறார் என்றால், பிரிவு உபசார விழாவுக்கு மாலை சொல்வதற்கு முன்பே ஆசிரியர் வாட்ஸ்அப் குரூப்களில் மூன்று பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடும். ஒருவர் சீனியர். இன்னொருவருக்குச் சென்னையில் ஆள் இருக்கிறது. மூன்றாமவர் ‘பொறுப்பு’ பார்க்கப்போகிறவர். எதை வைத்து இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். அந்த நாற்காலிக்கு நீங்களும் ஆசைப்படுகிறவர் என்றால், ஆசைப்படுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் குரூப் பேச்சை ஒதுக்கிவிட்டு இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தத் தேர்வில் எது வெளியே தெரிய வேண்டும்? எது தெரியக் கூடாது?

என் பதில் இது. போட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்பது கடைசிச் சுற்று வரை மறைவாக இருக்கலாம். அவர்களை எந்த அளவுகோலால் அளக்கிறார்கள் என்பது ஒரு நாள்கூட மறைவாக இருக்கக் கூடாது. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தான் டிரை பண்ணுவதை ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சொல்லிவிடுகிறார்கள். விதி என்ன, மார்க் எவ்வளவு, பட்டியல் எங்கே என்று ஒரு வரி எழுதிக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். இரண்டுமே கரியருக்குக் கேடு.

அமெரிக்காவில் இந்தச் சண்டை பழையது. அங்கே ஒவ்வொரு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கும் ஒரு சூப்பரின்டெண்டென்ட் உண்டு. பெரும்பாலான இடங்களில் உள்ளூர் மக்கள் ஓட்டுப்போட்டு அனுப்பிய ஸ்கூல் போர்டுதான் அவரை நியமிக்கிறது. பெயர்களை வெளியிட்டால் நல்ல வேலையில் இருப்பவர்கள் அப்ளை பண்ணவே பயப்படுவார்கள் என்று ஆள் தேடித் தரும் நிறுவனங்கள் வாதாடும். மக்கள் பணத்தில் சம்பளம் வாங்கப்போகிறவரை மக்கள் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று பெற்றோர்களும் பத்திரிகைகளும் எதிர்வாதம் செய்யும். ஃப்ளோரிடா மாநிலத்தில் ‘சன்ஷைன்’ சட்டப்படி அப்ளை பண்ணியவர்களின் பெயர்ப் பட்டியலே பொது ஆவணம். 2022இல் அதே மாநிலம், அரசுப் பல்கலைக்கழகத் தலைவர் பதவிக்கு மட்டும் கடைசிச் சுற்று வரை பெயர்களை மறைக்கலாம் என்று சட்டத்தை மாற்றியது. அந்த ஆண்டே ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் கடைசிச் சுற்றுக்கு ஒரே ஒரு பெயரைத்தான் அறிவித்தது. மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். பெயரை மறைக்கக் கிடைத்த அனுமதி போட்டியையே மறைத்துவிடும் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் ஊரில் ஸ்கூல் போர்டு கிடையாது. அரசாணை உண்டு. விழுப்புரம் மாவட்டம் 1993இல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்தது. 2019இல் கள்ளக்குறிச்சி தனியாகப் போனது. மிச்சமிருக்கும் மாவட்டத்துக்கு ஒரு முதன்மைக் கல்வி அலுவலர். அவருக்குக் கீழே கல்வி மாவட்டங்கள், திண்டிவனம் அதில் ஒன்று. 2018 மே மாதத்தில் வந்த அரசாணை 101 தொடக்கக் கல்வியையும் இடைநிலைக் கல்வியையும் ஒரே மாவட்டக் கல்வி அலுவலரின் (டி.இ.ஓ.) கீழ் கொண்டுவந்தது. 2022 செப்டம்பரில் வந்த அரசாணை 151 மறுபடியும் பிரித்து, தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளிகள் என்று மூன்று வகை டி.இ.ஓ. பதவிகளை அமைத்தது. மாநிலம் முழுக்க 152 நாற்காலிகள். நாற்காலி நகரும், கூடும், குறையும். அரசாணையைப் படிக்கிறவருக்கு அது முதலில் தெரியும். படிக்காதவருக்கு ஃபார்வர்டு மெசேஜில் தெரியும்.

1. எந்த வாசல் உங்களுடையது?

டி.இ.ஓ. நாற்காலிக்கு மூன்று வாசல்கள். முதலாவது பதவி உயர்வு. தலைமை ஆசிரியராக இருந்து பேனலில், அதாவது தேர்ந்தோர் பட்டியலில், பெயர் வந்து போவது. இரண்டாவது டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப்-1சி. முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வைத்திருப்பவர்கள் பிரிலிம்ஸ், மெயின்ஸ், நேர்முகத் தேர்வு என்று தாண்டி நேரடியாக வந்து உட்காரும் வழி. 2022 அறிவிப்பில் இதற்கு மாநிலம் முழுக்க 11 இடங்கள்தான். மூன்றாவது வாசலுக்குப் பெயர் ‘பொறுப்பு’. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வயது குறைவாக இருந்தால் கல்வி நிர்வாகத்தில் இன்னொரு முதல் படி இருக்கிறது. ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நேரடியாக எடுக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் பதவி. 2019இல் 97 இடங்கள், 2023இல் 33 இடங்கள். அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்த பிறகு படிக்க ஆரம்பிப்பவர் கூட்டத்தைக் கூட்டத்தான் போகிறார்.

ஒரே நேரத்தில் இரண்டு வாசலுக்குத் தயாராகுங்கள். பேனலை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்த பல ஆசிரியர்களுக்கு 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது காலடியில் தரை நழுவியது. பதவி உயர்வுக்கும் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. ஆட்ட விதி நடுவில் மாறலாம். கையில் இன்னொரு தகுதி வைத்திருப்பவர் அன்றைக்கு இரவு தூங்குவார்.

2. பேனலைப் பேப்பராகப் படிக்காதீர்கள், பத்திரமாகப் படியுங்கள்

பதவி உயர்வில் வெளிப்படையாக இருக்கும் ஒரே இடம் முன்னுரிமைப் பட்டியலும் அதிலிருந்து தயாராகும் தேர்ந்தோர் பட்டியலும்தான். பேனல் வந்ததும் எல்லாரும் என்ன செய்கிறார்கள்? தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தனக்கு மேலே இருப்பவர்களில் யாருக்கு எப்போது ரிட்டயர்மென்ட் என்று கணக்குப் போடுகிறார்கள். நீங்கள் கட்டம் கட்டமாகப் போங்கள். பிறந்த தேதி. முதல் நியமன நாள். டி.ஆர்.பி. தரவரிசை எண். பணிவரன்முறை செய்யப்பட்ட நாள். தகுதிகாண் பருவம் முடித்த நாள். கடைசியில் ‘குறிப்பு’ என்ற குறுகிய கட்டம். அந்தக் கட்டத்தில்தான் ‘17(ஆ) நிலுவை’ என்ற, ஒழுங்கு நடவடிக்கை முடியாமல் கிடப்பதைச் சொல்லும் இரண்டு சொற்கள் உட்கார்ந்து ஒருவருடைய சில வருடங்களைத் தின்றுவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு தலைமை ஆசிரியருக்குப் பணிவரன்முறை தேதியில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. டைப் அடித்தவர் கை தவறியது. ஆட்சேபணை தெரிவிக்கக் கொடுத்த நாட்களில் அவர் அரையாண்டுத் தேர்வு வேலையில் இருந்தார், பார்க்கவில்லை. பட்டியல் இறுதியான பிறகு அதைத் திருத்த அவர் எழுதிய கடிதங்களின் நகல் ஒரு ஃபைல் நிறைய இருந்தது. தப்பு அலுவலகத்தினுடையது. நஷ்டம் அவருடையது. வரைவுப் பட்டியல் என்று ஒன்று வெளியே வருவதே நீங்கள் அதைச் சரிபார்ப்பதற்காகத்தான். அந்த வாசல் திறந்திருக்கும் நாட்கள் குறைவு. பணிப்பதிவேட்டின் நகலை இப்போதே வாங்கி வீட்டில் வையுங்கள். வரைவுப் பட்டியல் வந்த அன்றே அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் வாய்வழி சொல்லாதீர்கள். எழுதிக் கொடுத்து, ஒப்புதல் முத்திரை வாங்குங்கள்.

துறைத் தேர்வுகளும் இதே கணக்குத்தான். 065, 072, 124, 172 என்று ஸ்டாஃப் ரூமில் கோடு நம்பராகவே பேசிக்கொள்வார்களே, அந்த நான்கையும் இளம் வயதிலேயே முடித்துவிடுங்கள். டி.என்.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. தேர்ச்சி விவரம் பணிப்பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். தேர்ச்சி பெறுவது ஒரு வேலை, பதிவு ஏற்றுவது இன்னொரு வேலை. முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதைக் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர்.

3. உங்களைப் பற்றிய ரகசியக் குறிப்பு உங்களுக்கு ரகசியம் கிடையாது

மேலதிகாரி வருடா வருடம் எழுதும் மந்தண அறிக்கை முன்பெல்லாம் பூட்டிய பீரோவில் இருக்கும். ‘மோசம்’ என்று எழுதினால் மட்டும் சொல்வார்கள். ‘நன்று’ என்று எழுதினால் சொல்ல மாட்டார்கள். ஆனால் பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ தேவைப்படும் இடத்தில் அந்த ‘நன்று’தான் கழுத்தை அறுக்கும். 2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உடைத்தது. எந்தக் குறிப்பாக இருந்தாலும், நல்லதோ கெட்டதோ, சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் மறுமொழி சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றது. 2013இல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதையே உறுதி செய்தது.

தீர்ப்பு இருக்கிறது என்பதற்காகக் குறிப்பு தானாக உங்கள் மேஜைக்கு வராது. கேட்க வேண்டும். மரியாதையாக ஒரு கடிதம் போதும். கேட்டால் அதிகாரி கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குகிறீர்களா? உங்களைப் பற்றி எழுதியதைக் காட்டத் தயங்கும் அதிகாரியின் குறிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்னொரு பழக்கமும் வேண்டும். மார்ச் மாதம் முடிவதற்குள் அந்த வருடம் செய்ததை ஒரே பக்கத்தில் எழுதி அவரிடம் கொடுத்துவிடுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம், சேர்க்கை எண்ணிக்கை, கட்டிமுடித்த கழிப்பறை, ஸ்மார்ட் கிளாஸ், திரும்பப் பள்ளிக்கு வந்த இடைநின்ற பிள்ளைகள். எண்ணாக எழுதுங்கள். குறிப்பு எழுத உட்காரும் அதிகாரிக்கு உங்கள் முகம் ஞாபகம் வரும். செய்த வேலை ஞாபகம் வராது.

4. மறைப்பு உங்களைக் காக்கும் இடம்

எல்லாம் திறந்தே இருக்க வேண்டும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டி.என்.பி.எஸ்.சி. நேர்முகத் தேர்வில் இப்போது உங்கள் பெயர், பதிவெண், பிறந்த தேதி எதுவும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. ஏ, பி, சி, டி என்று ஒரு எழுத்துதான் நீங்கள். எந்த போர்டுக்குப் போவீர்கள் என்பதும் குலுக்கலில்தான் முடிவாகும். மரக்காணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! பெயரை வைத்து ஊரையும், ஊரை வைத்து சாதியையும் கண்டுபிடிக்கும் கண்களை இந்த ஒரு எழுத்து மூடிவிடுகிறது. அதை நீங்களே திறந்துவிடாதீர்கள். பதிலில் அப்பா பெயர், ஊர்ப் பெயர், தெரிந்த பெரிய மனிதர் பெயர் எதுவும் வேண்டாம். மெயின்ஸ் விடைத்தாளிலும் உங்களை அடையாளம் காட்டும் எந்தக் குறியும் இருக்கக் கூடாது. இருந்தால் தாள் செல்லாமல் போகும்.

விடைத்தாள் திருத்தியவர் யார் என்பதும் மறைவாகவே இருக்க வேண்டும். கேரள பி.எஸ்.சி. வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. விண்ணப்பித்தவருக்குத் தன் விடைத்தாளும் மார்க்கும் கொடுக்கலாம், திருத்தியவரின் பெயரைக் கொடுக்க வேண்டியதில்லை. பெயர் வெளியே போனால் அடுத்த முறை திருத்துவதற்கு முன்பே அவர் வீட்டு வாசலில் கார் நிற்கும்.

முடிவு வந்த பிறகு கதை வேறு. அப்போது மறைப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. 2017 செப்டம்பரில் ஆசிரியர் தேர்வு வாரியம் 1,058 பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணியிடங்களுக்குத் தேர்வு நடத்தியது. ஓ.எம்.ஆர். தாள்களின் படத்தை இணையத்தில் ஏற்றிய பிறகுதான் தாளில் இருந்த மார்க்கும் பட்டியலில் இருந்த மார்க்கும் வேறு வேறு என்பது அம்பலமானது. 2018 பிப்ரவரியில் தேர்வையே ரத்து செய்தார்கள். 2019 செப்டம்பரில் நடந்த குரூப்-4 தேர்வை எல்லாருக்கும் நினைவிருக்கும். தரவரிசையில் முதல் 100 இடங்களில் 39 பேர் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள். பட்டியல் வெளியே வந்ததால் அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள் உடன் எழுதிய தேர்வர்கள். 2020 ஜனவரியில் 99 பேருக்கு வாழ்நாள் தடை. இரண்டு மோசடியையும் பிடித்துக் கொடுத்தது திறந்த காகிதம்தான். ராத்திரி பகலாகப் படித்துவிட்டு இரண்டு மார்க்கில் இடத்தைக் கோட்டைவிட்ட பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதனால் திறந்திருக்கும் ஒவ்வொரு சன்னலையும் பயன்படுத்துங்கள். உத்தேச விடைக் குறிப்பு வந்தால் சரிபார்த்து, ஆட்சேபணை இருந்தால் கெடுவுக்குள் ஆதாரத்தோடு ஆன்லைனில் போடுங்கள். கோச்சிங் சென்டர் கைடைக் காட்டாதீர்கள், பாடநூல் பக்கத்தைக் காட்டுங்கள். ஓ.எம்.ஆர். தாளின் படம் தளத்தில் ஏறினால் அன்றே டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. பத்து ரூபாய்க் கேள்வி

தகவல் அறியும் உரிமைக்கு இந்தியாவில் முதன்முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு, 1997இல். மத்தியச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். வரவில்லை என்றாலோ, வந்த பதில் சப்பென்று இருந்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கும் மசியவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

கேட்கும் விதத்தில்தான் சூட்சுமம். ‘எனக்கு ஏன் பதவி உயர்வு தரவில்லை?’ என்று கேட்டால் அது தகவல் இல்லை, புலம்பல். திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: இந்தத் தேதி நிலவரப்படி தயாரிக்கப்பட்ட தேர்ந்தோர் பட்டியலின் நகல், அதற்கு அடிப்படையான விதியும் அரசாணை எண்ணும், என் பெயர் விடுபட்டது குறித்த கோப்புக் குறிப்பின் நகல், காலிப் பணியிடங்களின் எண்ணிக்கையும் அவை காலியான தேதிகளும். நாலு வரி. ஒவ்வொன்றும் ஒரு காகிதத்தைக் காட்டிக் கேட்கிறது. நேரில் போய்க் கோப்பைப் பார்வையிடவும் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

அடுத்தவருடைய விவரத்தைக் கேட்கும்போதுதான் இடிக்கும். 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் தன் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018இல் அங்கேஷ் குமார் வழக்கில், சிவில் சர்வீஸ் மார்க் விவரத்தை இயந்திரம் மாதிரிக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க முடியாது என்றது. 2024 நவம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், பொதுப் பணிக்கான தேர்வில் மற்றவர்கள் வாங்கிய மார்க் தனிப்பட்ட விஷயம் ஆகாது என்ற பக்கம் நின்றது. இந்தக் கயிறு இழுப்புக்கு நடுவில் 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொல்லி மறுப்பதைச் சுலபமாக்கிவிட்டது. எனக்கு இந்தத் திருத்தத்தில் ஆழ்ந்த வருத்தம் உண்டு. ஒருவருடைய வீட்டு முகவரியும் நோய் விவரமும் தனிப்பட்டவை. அரசுப் பதவிக்கு அவர் வாங்கிய மார்க் எப்படித் தனிப்பட்டதாகும்? நல்லவேளையாகப் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள்.

6. வாயைக் கட்டுங்கள்

இப்போது உங்கள் பக்கத்து ரகசியம். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை ஜி.எஸ்.டி. ரோட்டின் இரண்டு பக்கமும் மெட்ரிக், சி.பி.எஸ்.இ. பள்ளிகள் இருக்கின்றன. பிரின்சிபால் மாறிக்கொண்டே இருப்பார். பெரும்பாலான இடங்களில் விளம்பரம் வராது. கரஸ்பாண்டென்ட் யாரையாவது கேட்பார், அவர் யாரையாவது சொல்வார், காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும். இந்த மார்க்கெட்டில் நீங்கள் வேலை தேடுகிறீர்கள் என்ற செய்தி உங்களுக்கு முன்னால் உங்கள் நிர்வாகத்தின் காதுக்குப் போய்விட்டால், ஏப்ரலில் இன்க்ரிமென்ட் நிற்கும், ஜூனில் உங்கள் பீரியடுகள் வேறொருவருக்குப் போகும்.

ஆகவே அப்ளை பண்ணும்போதே ஒரு வரி சேருங்கள்: ‘இறுதிச் சுற்றுக்கு முன் தற்போதைய பள்ளியைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.’ தொழில் தெரிந்த நிர்வாகம் இதை மதிக்கும். ரெஃபரன்ஸுக்கு இப்போதைய கரஸ்பாண்டென்ட்டைக் கொடுக்காமல் முன்பு வேலை பார்த்த இடத்தின் தலைமை ஆசிரியரைக் கொடுங்கள், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு. இன்டர்வியூவுக்குப் பள்ளிக்கூட நேரத்தில் ‘உடம்பு சரியில்லை’ என்று லீவு போட்டுவிட்டுப் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். சனிக்கிழமை கேளுங்கள், கொடுப்பார்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை மட்டும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், கையோடு எடுத்து வாருங்கள்.

பதிலுக்கு நீங்களும் கேளுங்கள். கடந்த ஐந்து வருடத்தில் எத்தனை பிரின்சிபால்கள் மாறினார்கள்? அட்மிஷன் எண்ணிக்கை குறைந்தால் யார் பொறுப்பு? அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் சம்பளம், பி.எஃப்., நோட்டீஸ் பீரியட் எழுதித் தருவீர்களா? உங்கள் பெயரைக் காப்பாற்றச் சொல்லும் உரிமை எவ்வளவோ, அவர்கள் நிபந்தனையை எழுத்தில் கேட்கும் உரிமையும் அவ்வளவு. ‘நம்பிக்கைதான் சார் முக்கியம், பேப்பர் எதுக்கு’ என்று சொல்லும் இடத்தில் சேராதீர்கள்.

7. ‘பொறுப்பு’ என்னும் பின்வாசல்

டி.இ.ஓ. இடம் காலியாகி உடனே நிரப்பாவிட்டால் பக்கத்து அலுவலரிடமோ ஒரு தலைமை ஆசிரியரிடமோ முழு கூடுதல் பொறுப்பு கொடுப்பார்கள். அதற்குப் பேனல் கிடையாது, தேர்வு கிடையாது, ஆட்சேபணைக்கு நாளும் கிடையாது. ஒரு செயல்முறை ஆணை போதும். ஆசிரியர் மாறுதலுக்குக் காலியிடத்தைத் துறையின் எமிஸ் இணையதளத்தில் காட்டிக் கலந்தாய்வு நடத்துகிறோம். ஒரு கல்வி மாவட்டத்தையே நடத்துகிறவரை இப்படி உட்கார வைக்கிறோம். இது எனக்கு உறுத்துகிறது. பொறுப்பு எத்தனை மாதம், யாருக்கு, எந்த அடிப்படையில் என்பதை அலுவலகப் பலகையில் ஒட்டினாலே பாதி வதந்தி அடங்கும்.

உங்களுக்குப் பொறுப்பு கொடுத்தால் வாங்குங்கள். அனுபவம் அனுபவம்தான். ஆனால் ஆணையை எழுத்தில் பெறுங்கள். பொறுப்பேற்ற நாளில் கோப்புகள், சாவிகள், கணக்குகள் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். முந்தையவர் விட்டுப்போன தணிக்கைத் தடை உங்கள் பெயரில் வந்து விடிந்தால், நிரந்தரப் பதவிக்கு நீங்கள் காத்திருந்த பேனலே கையை விட்டுப் போகும்.

8. புரோக்கர், சிபாரிசு

நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பட்டியல் ரகசியமாக இருக்கும்வரை அதை விற்பதாகச் சொல்லிக்கொண்டு ஒருவன் வருவான். உங்களுக்குத் தகுதியில் கிடைத்தால் தான் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லிப் பணத்தை எடுத்துக்கொள்வான், கிடைக்காவிட்டால் மறைந்துவிடுவான். பணி விஷயத்தில் அரசியல் செல்வாக்கைக் கொண்டுவருவதும் அரசு ஊழியர் நடத்தை விதிகளுக்கு விரோதம். கடிதம் கோப்பில் உட்காரும். ஆட்சி மாறினால் அதே கடிதம் உங்களுக்கு எதிராகப் பேசும்.

9. மேஜைக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருந்தால்

இன்று அப்ளை பண்ணுகிறவர் நாளை தேர்ந்தெடுக்கிறவர். அதற்கும் தயாராகுங்கள். 2022இல் அரசுப் பள்ளிகளில் 13,331 தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுக்க அரசு முடிவு செய்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் மதிப்பூதியம். உள்ளூரில் யாருக்கு வேண்டியவரோ அவருக்குப் போய்விடும் என்ற பயம் எழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் இடைக்காலத் தடையும் வந்தது. பிறகு நெறிமுறையைத் திருத்தினார்கள். காலியிடத்தைப் பலகையில் ஒட்டு, விண்ணப்பத்தை மாவட்டக் கல்வி அலுவலர் அலுவலகம் வழியாக வாங்கு, டெட் தேர்ச்சி பெற்றவர்களுக்கும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கும் முன்னுரிமை கொடு என்று வரிசை வந்தது. அந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கிய இடம் நம் மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பம். மாலையில் திண்ணையில் உட்கார்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பெண்ணுக்கு, யாரையும் தெரியாமலேயே வரிசையில் ஒரு இடம் கிடைத்தது. முன்னுரிமை என்ன என்பதை வெளியே எழுதிவைத்ததால் கிடைத்தது.

நீங்கள் ஒரு தேர்வுக் குழுவில் உட்கார்ந்தால் விண்ணப்பங்களைப் பிரிப்பதற்கு முன்பே மார்க் ஷீட்டை எழுதி முடியுங்கள். தகுதிக்கு எவ்வளவு, அனுபவத்துக்கு எவ்வளவு, டெமோ கிளாஸுக்கு எவ்வளவு. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போட்ட பிறகே கூட்டிப் பாருங்கள். பேசிப் பேசி மார்க் போடுவது மூத்தவர் விருப்பத்துக்கு மற்றவர் கையெழுத்துப் போடுவதில்தான் முடியும். விண்ணப்பித்தவர் பெயரை வெளியே விடாதீர்கள். இறுதிச் சுற்றுக்கு வந்த இரண்டு மூன்று பேரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அவர்கள் பெயரைப் பெற்றோர் முன்னால் வையுங்கள். தேர்வாகாதவருக்கு இரண்டு வரியில் பதில் அனுப்புங்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்கிற பள்ளிகள் நம் பக்கத்தில் மிகக் குறைவு. செய்கிற பள்ளிக்கு அடுத்த வருடம் நல்ல விண்ணப்பங்கள் வரும்.

10. கிடைக்கவில்லை என்றால்

ஒரு வாரம் வருத்தப்படுங்கள். பிறகு காகிதத்தை எடுங்கள். அரசுத் தேர்வு என்றால் உங்கள் மார்க், கட்-ஆஃப், விடைத்தாள் மூன்றையும் வாங்கி எந்தத் தாளில் எங்கே விட்டீர்கள் என்று பாருங்கள். நேர்முகத் தேர்வில்தான் சறுக்கியது என்றால் மறுபடி மெயின்ஸ் புத்தகத்தை எடுப்பதில் அர்த்தமில்லை, பேசிப் பழகுங்கள். பதவி உயர்வு என்றால் பேனலில் உங்களுக்கு மேலே இருந்தவருக்கும் உங்களுக்கும் இருந்த வித்தியாசம் எந்தக் கட்டத்தில் என்று கண்டுபிடியுங்கள். அது தேதியா, துறைத் தேர்வா, நிலுவையில் இருக்கும் ஒரு குறிப்பாணையா? குறிப்பாணை என்றால் விளக்கம் கொடுத்து இறுதி ஆணை கேட்டு இந்த வாரமே எழுதுங்கள். தேர்ந்தோர் பட்டியல் ஜனவரி 1 நிலவரத்தை வைத்துத் தயாராகும் என்றால், அந்தத் தேதிக்கு முன்னால் வரும் டிசம்பர் துறைத் தேர்வும், பணிப்பதிவேட்டுச் சரிபார்ப்பும், நிலுவைக் கோப்பும் முடிந்திருக்க வேண்டும்.